பயணி ஏறவில்லை, பெட்டி ஏறியது!

1990களில் உள்நாட்டு விமானத்தில் சென்னைக்குப் போய்வந்த அன்பர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சோதனையெல்லாம் முடிந்து, பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய் விமானத்தருகே இறக்கிவிடுவார்கள். அங்கே தரையில் எல்லோருடைய பெட்டிகளும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். வெயிலோ மழையோ, ஒவ்வொருவரும் தம் பெட்டியைத் தொட்டுக் காட்டி "இது என்னுடையது" என்று சொன்ன பிறகே அது விமானத்தின் வயிற்றுக்குள் போகும். யாரும் தொடாத பெட்டி தரையிலேயே கிடக்கும். கைக்குழந்தையும் முறுக்கு டப்பாவுமாக நிற்கும் தாய்மார்கள் "இது என்ன வீண் வேலை?" என்று முணுமுணுத்ததை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அது வீண் வேலை அல்ல. முந்நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை விலையாகக் கொடுத்து உலகம் கற்ற பாடம் அது.

மும்பையில் நமது சங்கத்தின் ஞாயிறு படிப்பு வட்டத்தில், மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு பொருள் பற்றிப் பேசுவது என் வழக்கம். சென்ற முறை "பயங்கரவாதத்தைத் தடுப்பதில் நாடுகளின் கூட்டுறவு" என்று தலைப்புத் தந்தார்கள். இவ்வளவு பெரிய தலைப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் பேச்சு ஐ.நா. தீர்மானங்களின் எண் வரிசையாகிவிடும், பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள். ஆகவே ஒரே ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன். பேசியதை எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டதால் இக்கட்டுரை.

முதலில், நம் ஊரில் நடந்த ஒன்று. 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 30 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டிகள் அவை. பதிவு செய்தவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் நிலையத்திலேயே தங்கி, அங்கேயே வெடித்தன. இறந்தவர்களில் இலங்கைப் பயணிகளும் இருந்தனர், நம் ஊர்க்காரர்களும் இருந்தனர். இலங்கைத் தமிழ் இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் மீது வழக்கு நடந்தது. நம்மவர் பெயரால் நடந்தது என்பதற்காக இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது நேர்மையாகாது என்று பிள்ளைகளிடமும் சொன்னேன். ஏறாத பயணியின் பெட்டி எவ்வளவு ஆபத்தானது என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் சென்னையில் தெரிந்தது வான்கூவருக்குத் தெரிய வழியில்லை.

கனிஷ்கா

1985 ஜூன் 22, சனிக்கிழமை. கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் விமான நிலையத்தில், கனடியன் பசிபிக் நிறுவனத்தின் கவுண்டருக்கு ஒருவர் வந்தார். எம். சிங் என்ற பெயரில் பயணச்சீட்டு. டொரான்டோ வரை இருக்கை உறுதியாகியிருந்தது. அங்கிருந்து டில்லிக்குப் போகும் ஏர் இந்தியா விமானத்தில் காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர். தம் பெட்டியை நேராக டில்லிக்கே அனுப்ப வேண்டும் என்றார். இருக்கை உறுதியாகாதவரின் பெட்டியை அப்படி அனுப்பக்கூடாது என்று கவுண்டரில் இருந்த பெண் ஊழியர் மறுத்தார். அவர் விடவில்லை. பின்னால் நீண்ட வரிசை. வாக்குவாதம் வளர்ந்தது. கடைசியில் அந்தப் பெண் இணங்கி, பெட்டியில் டில்லி என்று சீட்டு ஒட்டிவிட்டார். பெட்டி விமானத்தில் ஏறியது, எம். சிங் ஏறவில்லை. அதே நாளில் எல். சிங் என்ற பெயரில் இன்னொரு பெட்டி தோக்கியோ செல்லும் விமானத்தில் பதிவாயிற்று. அங்கிருந்து அது பாங்காக் செல்லும் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற வேண்டும். அந்தப் பயணியும் ஏறவில்லை.

டொரான்டோவில் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் அன்று பாதியில் பழுதாகிவிட்டது. மீதிப் பெட்டிகளைக் கையடக்கக் கருவி ஒன்றால் மோப்பம் பார்த்து அனுப்பினார்கள். அந்தக் கருவி இந்த வேலைக்கு உதவாது என்பதைப் பின்னர் வந்த விசாரணைகள் தெளிவாகவே சொல்லின. பழுதான எஞ்சின் ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுபோக இறக்கையடியில் கட்டும் வேலையால் புறப்பாடும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாயிற்று. அந்தத் தாமதம் இல்லாதிருந்தால் குண்டு வெடித்த நேரத்தில் விமானம் எங்கே இருந்திருக்கும் என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்ததுண்டு. போட்டு ஆவதொன்றுமில்லை.

ஜூன் 23 காலை, ஏர் இந்தியாவின் "கனிஷ்கா" ஜம்போ விமானம் மான்ட்ரியாலிலிருந்து லண்டனை நோக்கி வந்துகொண்டிருந்தது. அயர்லாந்துக் கரையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில், 31,000 அடி உயரத்தில், சிதறிக் கடலில் விழுந்தது. 329 பேர். பள்ளி விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கக் கிளம்பிய குடும்பங்கள். 80க்கும் மேற்பட்ட குழந்தைகள். வெளியூரில் குடியேறி, விடுமுறை வந்தால் ஊருக்குப் பெட்டி கட்டும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் கனடாவின் குடிமக்கள். குண்டு வைத்தவர்கள் சீக்கியர் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள்; இறந்தவர்களில் சீக்கியக் குடும்பங்களும் உண்டு. நம் குடியிருப்புகளில் பக்கத்து வீட்டு சர்தார்ஜியிடம் இந்தப் பேச்சை எடுப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

கனிஷ்கா விழுவதற்கு 55 நிமிடம் முன்பு, ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் அந்த இரண்டாவது பெட்டி வெடித்தது. பெட்டிகளை மாற்றிக்கொண்டிருந்த ஜப்பானியத் தொழிலாளர் இருவர் இறந்தனர். வான்கூவரில் ஒட்டிய ஒரு சீட்டுக்காக, இந்தியாவையும் அறியாத பஞ்சாபையும் அறியாத இரண்டு தொழிலாளர்கள்.

எத்தனை நாடுகளின் கைகள்

கூட்டுறவு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இனி நடந்ததில்தான் பார்க்கிறோம். விமானம் இந்தியாவுடையது. பயணிகள் கனடாவினர். விழுந்தது அயர்லாந்து அருகே, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில். மற்றொரு குண்டு வெடித்தது ஜப்பானில். எந்த ஒரு நாட்டின் போலீசாரும் தனியே இதை விசாரிக்க முடியாது.

உடல்கள் அயர்லாந்தின் கார்க் நகர மருத்துவமனைக்கு வந்தன. பாதிக்கும் குறைவான உடல்களே கிடைத்தன. விமானத்தின் பதிவுக் கருவிகள் சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. பிரிட்டிஷ் கப்பல் ஒலியை வைத்துத் தேடியது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்றிலிருந்து, கடலடித் தொலைபேசிக் கம்பிகளைப் பழுதுபார்க்கும் "ஸ்கராப்" என்ற ஆளில்லா இயந்திரத்தை இறக்கி, ஜூலை மாதமே இரண்டையும் மேலே கொண்டுவந்தார்கள். பின்னர் சிதறல்களை எடுக்கக் கனடாவின் கப்பல் வந்தது. பதிவுகளை ஆராய்ந்தது எங்கே தெரியுமா? நம் ட்ராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில். நீதிபதி கிர்பால் தலைமையிலான இந்திய விசாரணை, முன்புறச் சரக்கறையில் வெடித்த குண்டே காரணம் என்று 1986இல் முடிவு கூறியது.

ஆனால் கடலடியிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆளைக் காட்டிக்கொடுத்தது நரிட்டா. அங்கே சிதறியவை தரையில் கிடந்தன. ஜப்பானியப் போலீசார் அவற்றைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள் என்றே சொல்லலாம். கிடைத்த துணுக்குகளிலிருந்து, குண்டு சான்யோ ட்யூனர் ஒன்றுக்குள் வைக்கப்பட்டிருந்தது என்று கண்டார்கள். எந்த மாதிரி என்பதையும் கண்டார்கள். அந்தத் தகவல் கனடாவுக்குப் போயிற்று. அங்கே வான்கூவர் தீவிலுள்ள டங்கன் என்ற சிற்றூரில் அதே மாதிரி ட்யூனரை வாங்கியவர் இந்தர்ஜித் சிங் ரெயாத் என்ற எலெக்ட்ரீஷியன் என்று தெரிந்தது. ஜப்பானின் பொறுமை இல்லாதிருந்தால் அந்த ட்யூனர் விற்ற கடையை யாரும் தேடியிருக்கவே மாட்டார்கள்.

ரெயாத் அதற்குள் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். இங்கேதான் ஒரு பெண் பிள்ளை எழுந்து கேட்டாள்: "அங்கேயே போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிடக் கூடாதா மாமா?"

கூடாது. ஒரு நாட்டின் போலீசுக்கு இன்னொரு நாட்டின் மண்ணில் அதிகாரம் கிடையாது. அந்த நாடு பிடித்து ஒப்படைக்க வேண்டும். அதற்கென்று ஒப்பந்தம் வேண்டும். நீதிமன்றத்தில் சான்று காட்ட வேண்டும். கேட்கப்படும் செயல் இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருக்க வேண்டும். அது அரசியல் குற்றம் என்று எதிர்த்தரப்பு வாதாடினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். 1988இல் பிரிட்டனில் கைதான ரெயாத் 1989 டிசம்பரில்தான் கனடாவிடம் ஒப்படைக்கப்பட்டார். 1991இல் நரிட்டா வழக்கில் 10 ஆண்டுத் தண்டனை பெற்றார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எந்தக் குற்றத்துக்காக ஒருவரை ஒப்படைக்கிறார்களோ அதற்காக மட்டுமே விசாரிக்க வேண்டும். நரிட்டாவுக்காகத் தந்தவரைக் கனிஷ்காவுக்காகவும் விசாரிக்க, 2001இல் கனடா மீண்டும் பிரிட்டனின் சம்மதத்தைப் பெற வேண்டியிருந்தது. நம் நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை 2005இல் போர்ச்சுகல் ஒப்படைத்தபோது, மரண தண்டனை கூடாது, 25 ஆண்டுக்கு மேல் சிறை கூடாது என்ற உறுதிமொழியை இந்தியா தந்தது. அந்த உறுதிமொழி இந்தியாவைக் கட்டுப்படுத்தும் என்று 2022இல் நம் உச்ச நீதிமன்றமும் கூறியது. "குற்றவாளிக்கு இவ்வளவு சலுகையா?" என்று கொதிப்பவர்கள் உண்டு. வாக்கை மீறினால் அடுத்த முறை எந்த நாடும் ஆளைத் தராது என்பதே என் பதில்.

ஒப்படை, இல்லையேல் விசாரி

ஒப்படைக்கவும் மனமில்லை, விசாரிக்கவும் மனமில்லை என்று ஒரு நாடு சும்மா இருந்துவிட்டால்? இதற்குத்தான் விமானக் குற்றங்களில் உலக நாடுகள் முதலில் வழி கண்டன. 1963இல் தோக்கியோவில் ஓர் உடன்படிக்கை. அது விமானத்தில் நடக்கும் குற்றங்களில் எந்த நாட்டுக்கு அதிகாரம் என்பதைச் சொன்னதே தவிர அதிகம் சாதிக்கவில்லை. 1960களின் இறுதியில் விமானக் கடத்தல் கொள்ளை நோய் போலப் பரவியது. 1970இல் ஹேக் நகரில் கடத்தலுக்கும், 1971இல் மான்ட்ரியாலில் விமானத்தில் குண்டு வைப்பது போன்ற நாசவேலைகளுக்கும் உடன்படிக்கைகள் வந்தன. இரண்டின் உயிர்நாடியும் ஒரே ஷரத்து: குற்றவாளி உன் மண்ணில் இருந்தால், கேட்கும் நாட்டிடம் ஒப்படை, இல்லையேல் விதிவிலக்கின்றி உன் நீதித்துறையிடமே வழக்கைக் கொடு. மூன்றாவது வழி கிடையாது. இந்தியா இவற்றுக்கேற்ப 1982இல் இரண்டு சட்டங்கள் இயற்றியது. கடத்தல் சட்டம் 2016இல் கடுமையாக்கப்பட்டுப் புதிதாக வந்தது.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில்? கனிஷ்கா சதியின் தலைவர் என்று பின்னாளில் கனடாவின் விசாரணை ஆணையமே கூறிய தல்விந்தர் சிங் பார்மர், 1983இல் மேற்கு ஜெர்மனியில் பிடிபட்டுச் சுமார் ஓராண்டு சிறையில் இருந்தார். பஞ்சாபில் நடந்த கொலை வழக்குக்காக இந்தியா அவரைக் கேட்டது. ஜெர்மனி தரவில்லை, அவரை விடுதலை செய்தது, அவர் கனடா திரும்பினார். அடுத்த ஆண்டுதான் கனிஷ்கா. இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இடையே ஒப்படைப்பு ஒப்பந்தம் 1987இல்தான் கையெழுத்தாயிற்று.

இதைவிட மனத்தை வருத்துவது வேறொன்று. நாடுகளுக்கிடையே கூட்டுறவு இல்லை என்று குறை சொல்கிறோம். ஒரே நாட்டின் இரண்டு துறைகளுக்கிடையே இருந்ததா? கனடாவில் 1984இல்தான் உளவுத்துறையைப் போலீசிலிருந்து பிரித்துத் தனியாக்கியிருந்தார்கள். 1985 ஜூன் தொடக்கத்தில் உளவு அதிகாரிகள் பார்மரையும் ரெயாத்தையும் டங்கன் அருகே காட்டுக்குப் பின்தொடர்ந்தார்கள்; பெரிய வெடிச்சத்தமும் கேட்டார்கள்; துப்பாக்கி என்று எண்ணிவிட்டார்கள். அதே மாதம், காலம் குறித்து வெடிக்கும் குண்டு வைக்கப்படலாம் என்று ஏர் இந்தியா அனுப்பிய எச்சரிக்கை, அதைப் பார்க்க வேண்டிய எல்லோர் கைக்கும் போய்ச் சேரவில்லை. பார்மரின் தொலைபேசிப் பேச்சுகளைப் பதிவு செய்த நாடாக்களில் பெரும்பாலானவற்றை, விபத்துக்குப் பின்னும் கூட, வழக்கமான அலுவலக நடைமுறை என்று அழித்துவிட்டார்கள்.

முடிவு என்னவாக இருக்கும்? 2003இல் ரெயாத் கனிஷ்கா வழக்கில் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு மேலும் 5 ஆண்டு பெற்றார். மற்ற இருவர் மீது நடந்த நீண்ட வழக்கில், சான்று போதாது என்று 2005 மார்ச் 16இல் விடுதலையாயினர். சாட்சிக் கூண்டில் பொய் சொன்னதற்காக ரெயாத்துக்குப் பின்னர் 9 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. பார்மர் 1992இல் பஞ்சாபில் போலீசாரால் கொல்லப்பட்டிருந்தார். 329 உயிர்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். 2010இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மேஜரின் ஆணையம் தவறுகளை வரிசைப்படுத்தியது. பிரதமர் ஹார்ப்பர் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். கால் நூற்றாண்டு கழித்து!

விதி வந்தது, கடைப்பிடித்தார்களா?

நீதிமன்றத்தில் தோற்ற இடத்தில், விமான நிலையத்தில் சிறிது வெற்றி கிடைத்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகம் மான்ட்ரியாலில்தான் இருக்கிறது. கனிஷ்காவுக்குப் பின் அந்த அமைப்பு பாதுகாப்பு விதிகளை இறுக்கியது: பயணி ஏறாவிட்டால், தனியே சோதிக்கப்படாத அவர் பெட்டியும் ஏறக்கூடாது. நம் நாட்டில் சிவில் விமானப் பாதுகாப்பு நிறுவனம் 1987 ஏப்ரலில் தனித் துறையாக்கப்பட்டது. தொடக்கத்தில் சொன்ன, தரையில் பெட்டியைத் தொட்டுக் காட்டும் சடங்கின் கருத்தும் இதுவே. இன்று கணினியும் கோட்டுக் குறியீடும் அந்த வேலையைச் செய்கின்றன. கடைசி நேரத்தில் ஒருவர் ஏறாமல் போனால், அவர் பெட்டியைத் தேடி இறக்கும் வரை விமானம் நிற்கிறது. நாம் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

ஆனால் விதி புத்தகத்தில் இருந்தால் போதுமா? 1988 டிசம்பர் 21இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் விமானம் வெடித்து 270 பேர் இறந்தனர். ரேடியோ கேசட் பெட்டிக்குள் குண்டு. அதுவும் பயணி துணையில்லாமல் மால்டாவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வந்த பெட்டியில்தான் என்று நீதிமன்றம் ஏற்றது. இதன் விளைவாக 1991இல் மற்றொரு உடன்படிக்கை: பிளாஸ்டிக் வெடிமருந்து தயாரிக்கும் நாடுகள், அதில் மோப்பக் கருவிகள் கண்டுபிடிக்கக்கூடிய ஆவியாகும் வேதிப்பொருளைக் கலந்தே தீர வேண்டும்.

லாக்கர்பி வழக்கில் சுவையான ஒரு திருப்பம். குற்றம் சாட்டப்பட்ட இருவரும் லிபியர்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் ஒப்படைக்கச் சொன்னபோது, லிபியா மான்ட்ரியால் உடன்படிக்கையையே எடுத்துக் காட்டியது: "ஒப்படை, இல்லையேல் விசாரி என்றுதானே இருக்கிறது? நாங்களே விசாரிக்கிறோம்" என்றது. சட்டப்படி வாதம் பழுதில்லாதது. ஆனால் குற்றத்தில் அரசுக்கே பங்கிருக்கிறது என்று சந்தேகம் இருக்கும்போது, அந்த அரசின் நீதிமன்றத்தை யார் நம்புவார்? ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1992இல் தடைகள் விதித்தது. ஏழாண்டு இழுபறிக்குப் பின், மூன்றாவது நாடான நெதர்லாந்தில், ஸ்காட்லாந்துச் சட்டப்படி, ஸ்காட்லாந்து நீதிபதிகள் மூவர் அமர்ந்து விசாரிக்க ஒத்துக்கொண்டார்கள். 2001 ஜனவரியில் ஒருவருக்குத் தண்டனை, மற்றவருக்கு விடுதலை. வழிகள் அடைபட்ட இடத்திலும் நாடுகள் மனம் வைத்தால் புது வழி வெட்டலாம் என்பதற்கு இது சான்று. பஞ்சாயத்தை எதிரெதிர் ஊர்களில் வைக்காமல் நடு ஊரில் வைப்பது நமக்குப் புதிதா என்ன!

2001 செப்டம்பர் 11க்குப் பின், அதே மாதம் 28ஆம் தேதி, 1373ஆம் தீர்மானம் எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தியது: பயங்கரவாதிக்குப் பணம் போகவிடாதே, புகலிடம் தராதே. ஆனால் பயங்கரவாதி என்பவர் யார்? இதை எல்லாருக்கும் பொதுவாக வரையறுக்கும் முழுமையான உடன்படிக்கை ஒன்றை இந்தியா 1996லேயே ஐ.நா.வில் முன்மொழிந்தது. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடுபவர் இதில் அடங்குவாரா, நாடுகளின் ராணுவம் செய்வது அடங்குமா என்ற இரு கேள்விகளிலும் பேச்சு சிக்கிக்கொண்டது. விமானத்தில் குண்டு வைத்தல் என்று செயலைச் சொன்னால் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள்; ஆளைச் சொன்னால் பிரிந்துவிடுகிறார்கள். ஆகவேதான் செயல் செயலாக ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உடன்படிக்கை போட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு இது குறுக்கு வழியாகத் தோன்றவில்லை; பலன் தந்த வழி இதுதான்.

நம் மும்பைப் பிள்ளைகள் 2008 நவம்பர் 26ஐப் பற்றிக் கேட்காமல் விடுவார்களா? அன்று தொடங்கிய தாக்குதலில் 166 பேர் இறந்தனர். இடங்களை வேவு பார்த்துக் கொடுத்த டேவிட் ஹெட்லி அமெரிக்காவில் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதே இந்தியாவுக்கு ஒப்படைக்கக் கூடாது என்று பேரம் பேசிக்கொண்டார். 2013இல் 35 ஆண்டுத் தண்டனை. "ஒப்படை அல்லது விசாரி" என்பதில் இரண்டாவதைத்தான் அமெரிக்கா செய்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் 2016 பிப்ரவரியில் அவர் அமெரிக்காவில் இருந்தபடியே, வீடியோ வழியாக, மும்பை நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். அவருக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட தஹாவூர் ராணா, அமெரிக்க நீதிமன்றங்களில் ஒவ்வொரு படியாக எதிர்த்து வாதாடித் தோற்று, 2025 ஏப்ரல் 10ஆம் தேதி டில்லியில் வந்திறங்கினார். தாக்குதல் நடந்து 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. வகுப்பில் இருந்த பிள்ளைகளில் ஒருவரும் அந்த நவம்பரில் பிறந்திருக்கவில்லை, அல்லது கைக்குழந்தை.